எந்தப் பக்கத்திலிருந்து மூன்று

கொத்தனார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அவளுக்கு அதுவே முதல் எரிச்சல். ஒழுகுகிற கூரையைப் பார்க்கச் சொல்லி ஏழு தடவை ஆள் அனுப்பியும் எட்டிப் பார்க்காத மனிதர், ஒரு வாசலை அடைக்க வேண்டும் என்றதும் தூறலையும் பொருட்படுத்தாமல் செங்கல், மணல், சிமெண்ட் மூட்டையோடு காலை எட்டு மணிக்கே ஷெட்டின் முன்னால் நின்றார். கெட்ட காரியத்துக்கு மட்டும் ஆட்கள் எப்படித்தான் நேரம் தவறாமல் வருகிறார்களோ.

"எந்த வாசல்மா?" என்றார்.

 காருக்கு அடியில் படுத்திருந்த எஞ்சின்காரர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைத் தூக்கி, கட்டை விரலால் காட்டினார்.

"அதான்."

எஞ்சின்காரர் அவளுடைய கணவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும், அவளை டிரைவரக்கா என்று கூப்பிடுவது போல. அவர் கால் காட்டிய இடத்தில், ஷெட்டின் பின்சுவருக்கு நடுவே, கதவில்லாத ஒரு வாசல் இருந்தது. அதைத் தாண்டினால் ஒயரிங்காரருடைய ஷெட், அதை ஒட்டி அவர் வீடு. ஒயரிங்காரர் அவளுடைய சொந்த அண்ணன்.

பெரிய ரோட்டில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற ஒரே நீள ஷெட்டாகத்தான் அது ஒரு காலத்தில் இருந்தது. அவளுடைய அப்பா சாவதற்கு முன்னால் குறுக்கே ஒரு சுவர் வைத்தார். முன் பாதியை மகள் பேரிலும் பின் பாதியை மகன் பேரிலும் எழுதினார். சுவர் வைத்த கையோடு நடுவில் ஆள் போய்வர ஒரு வாசலையும் விட்டார். அந்த வாசல் வழியாகத்தான் அவள் மத்தியானம் அண்ணியோடு சாப்பிடப் போவாள், அண்ணன் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள், கணவரோடு சண்டை என்றால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவாள். ரோட்டு வழியாகப் போகலாம்தான், மூன்று தெருவைச் சுற்ற வேண்டும். அதற்கு எஞ்சின்காரர் சம்மதிப்பதில்லை. "புருஷன் வீட்டுலருந்து பொம்பள ரோட்டு வழியா பொறந்த வீட்டுக்கு நடந்தா, நான் அடிச்சு விரட்டிட்டேன்னு ஊர்ல பேசுவான்" என்பது அவருடைய சட்டம். ஆக, அந்த வாசல் போனால் அவளுக்குப் பிறந்த வீடு போயிற்று.

"கொஞ்சம் இருங்க கொத்தனாரே," என்றாள். "இன்னும் ஒண்ணும் முடிவாகல."

"முடிவாயிடுச்சு," என்றது காருக்கு அடியிலிருந்த குரல். "உங்கண்ணன் இன்னைக்கும் மூணுன்னு சொன்னான்னா, முடிஞ்சு போச்சு. பொய் சொல்றவன் மூஞ்சிய நான் தெனம் பாத்துக்கிட்டு வேலை செய்ய முடியாது. நீங்க மணலைச் சலிங்க."

கொத்தனார் யார் பேச்சைக் கேட்பது என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு சல்லடையை எடுத்தார். மணல் ஈரமாக இருந்ததால் இறங்காமல் அடம் பிடித்தது. அந்த மணலுக்கு இருக்கிற நல்ல மனசு இந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மச்சானும் மாப்பிள்ளையும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். எஞ்சின் வேலை இந்தப் பக்கம், மின்சார வேலை அந்தப் பக்கம், சாப்பாடு எந்தப் பக்கம் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு டாக்டருடைய கார் நடு ரோட்டில் நின்றுவிட்டது. கோளாறு எங்கே என்று டாக்டர் கேட்டபோது, எஞ்சின்காரர் ஒயரில் என்றார், ஒயரிங்காரர் எஞ்சினில் என்றார். டாக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியைக் கயிறு கட்டி வேறு ஷெட்டுக்கு இழுத்துப் போனார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம். "பொண்ணையும் குடுத்து உக்கார ஷெட்டையும் குடுத்தோம், வாயில ஒரு நன்றி இருக்கா பாரு" என்றார் அண்ணன். "மெஷினப் பாத்து எழுத்துக் கூட்டிப் படிக்கறவன்லாம் மெக்கானிக்காம்" என்றார் கணவர். அன்றைக்கு நின்றது பேச்சு.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. ஒருவருக்கு ஒருவர் இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகாது. அதனால் இருவருக்கும் நடுவில் அவள் நடந்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. "அந்த எருமைகிட்ட சொல்லு, பேட்டரி முனையெல்லாம் பூத்துக் கெடக்கு, வந்து சொறண்டச் சொல்லு" என்பார் கணவர். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் அதைச் சலித்துவிடுவாள். "அண்ணே, பேட்டரி முனையக் கொஞ்சம் பாக்கணுமாம்." அதற்கு அண்ணன், "அவன் மூஞ்சியச் சொறண்டறேன்னு சொல்லு" என்பார். "பாக்கறாராம்" என்று வந்து சொல்வாள். எட்டு மாதமாக இரண்டு பக்கத்துக் கல்லையும் தன் வாயிலேயே பொறுக்கி வைத்துக்கொண்டு வெறும் மணலை மட்டும் அனுப்பியவள் அவள். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இன்னும் பெரிய கல்லாகக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய சொந்தக் காருக்கே நோய் வந்தது.

மேட்டுப் பள்ளிக்கூடத்தின் நான்கு டீச்சர்களைத் தினமும் ஏற்றிப் போய் இறக்கிவிடுவது அவளுடைய பிழைப்பு. சமதரையில் கார் ஒழுங்காக ஓடும். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேடு ஏறத் தொடங்கியதும் தட்டுத் தடுமாறும், உதறும், உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் போகும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். எஞ்சினில் நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். காயில் கரண்டைத் தள்ள, பிளக் பொறி தட்ட, உள்ளே பெட்ரோல் எரியும். ஒரு பிளக் பொறி தட்ட மறுத்தால் மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். சமதரையில் சுமக்கும். மேட்டில் மூச்சு வாங்கும். அவளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை, அவள் குடும்பம் நடத்துவதே அப்படித்தான்.

ஷெட்டில் நிறுத்தி ஓட விட்டால் நோய் தெரியாது. அதனால், காரில் செருகினால் அது பதிந்து வைத்திருக்கிற கோளாறைத் திரையில் காட்டுகிற அண்ணனுடைய ஸ்கேனர் தேவைப்பட்டது. அண்ணன் அதை வாசல் வழியாக நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினாள், படித்து முடித்ததும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணன் காரின் பக்கமே வரவில்லை. தன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்து, "மூணாவது சிலிண்டர். காயிலை மாத்தச் சொல்லு" என்றார். எஞ்சின்காரர் மூன்றாவதுக்குப் புதுக் காயில் போட்டார். மறுநாள் மேட்டில் கார் உதறியது. மறுபடி ஸ்கேனர், மறுபடி மூன்று. மூன்றாவதுக்குப் புதுப் பிளக் போட்டார். மறுபடி உதறியது.

"மத்த மூணையும் ஒரு தடவை கழட்டிப் பாத்துடுங்களேன்" என்று அவள் கெஞ்சினாள்.

"எதுக்கு? உங்கண்ணன் மெஷினு மூணுன்னு சொல்லுதுல்ல? நான் மூணைத்தான் தொடுவேன். மத்ததத் தொட்டு வண்டி சரியாயிட்டா, அவன் சொன்னதாலதான் சரியாச்சும்பான். அவன் சொன்னதையே செஞ்சு அவன் மூஞ்சில கரியப் பூசறேன் பாரு."

வீம்பு என்பதற்கு அவள் கணவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தன் பெண்டாட்டியின் பிழைப்பு மேட்டில் நின்றாலும் பரவாயில்லை, மச்சான் பொய்யன் என்று நிரூபணமாக வேண்டும். நேற்று அந்த நிரூபணத்தில் அவள் உயிரே போகப் பார்த்தது. மேட்டின் பாதியில் கார் உதறிக்கொண்டு பின்னால் சரிந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் கடைசி நிமிடத்தில் ஒடித்துத் திருப்பினான், திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கணக்கு டீச்சர் இறங்கி மீதி மேட்டை நடந்தே ஏறினாள். "நாளைக்கு ஒரு நாள் நாங்க பஸ்ல போறோம் டிரைவரக்கா. அதுக்கப்புறமும் வண்டி இப்படியே இருந்தா வேற பாத்துக்கறோம்" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதபோதுதான் எஞ்சின்காரர் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார். மனைவி அழுதால் கணவன் செய்கிற காரியமா அது?

இன்று காலை அவள் ஸ்கேனரோடு வாசலைத் தாண்டியபோது அண்ணன் பல்லில் ஒயரின் தோலைக் கடித்து உரித்துக்கொண்டிருந்தார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்டியா?" என்று கண்ணாலேயே கேட்டாள். வெங்காயமும் முட்டையும் வதங்குகிற வாசனை வந்தது. 

அண்ணன் திரையைப் பார்த்தார்.

"மூணு."

"அண்ணே, நல்லாப் பாருங்க. கொத்தனார் வந்து நிக்கறாரு."

"கொத்தனார் வந்தா மூணு நாலாயிடுமா? மூணுதான். உன் புருஷனுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாட்டி நான் என்ன பண்ண? செவுரு வைக்கறானா? வைக்கச் சொல்லு. எனக்கும் நிம்மதி, அவன் மூஞ்சி தெரியாது."

"நான் எப்படிண்ணே வருவேன்?"

அண்ணன் அடுத்த ஒயரைக் கடித்தார். அவரைப் பெற்ற அப்பா விட்டு வைத்த வாசல் என்பதோ, கூடப் பிறந்தவள் கேட்கிறாள் என்பதோ அந்தப் பல்லுக்குத் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தாள். எஞ்சின்காரர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"மூணு."

"மூணுன்னு அவன் சொன்னானா, நீ சொல்றியா?"

"என்னங்க இது?"

"கேக்கறேன். எட்டு மாசமா நீ சலிச்சுச் சலிச்சுதான் சொல்றே. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? அவன் ரெண்டுன்னு சொன்னதக்கூட நீ என்னமோ நல்லதுன்னு நெனச்சு மூணுன்னு மாத்திச் சொல்லியிருப்பே. யாருக்குத் தெரியும்?"

அவளுக்குச் சுரீர் என்றது. திட்டைச் சலித்தாள், உண்மைதான். எருமையைச் சலித்தாள், மூஞ்சியைச் சலித்தாள். ஆனால் எண்ணில் கை வைத்ததில்லை. அளவு, எண், நட்டின் சைஸ், ஒயரின் நிறம், இதிலெல்லாம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். எட்டு மாதம் காலைத் தேய்த்து நடந்ததற்கு, கடைசியில் அவள்தான் பொய்க்காரி. கொத்தனார் சல்லடையை நிறுத்திவிட்டு இதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தது வேறு அவளுக்குக் கோபத்தை ஏற்றியது.

"அப்ப வாய் வார்த்தையே வேணாம்," என்றாள். புதுக் காயில் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, சாக்பீஸோடு அவர் கையில் திணித்தாள். "எழுதிக் குடுங்க. எதக் கழட்டுனீங்க, எதுல புதுசு போட்டீங்க, எல்லாம் எழுதுங்க. நான் ஒரு எழுத்தும் பேச மாட்டேன். அட்டையக் கொண்டுபோய்க் குடுப்பேன், அவரு அதுலயே எழுதிக் குடுப்பாரு."

"எழுதறேன். எனக்கென்ன பயம்?"

அவர் பானட்டின் மேல் அட்டையை வைத்து அழுத்தமாக வரைந்தார். எஞ்சினுக்கு ஒரு நீளக் கட்டம், உள்ளே நான்கு வட்டம். இடது கோடியில் பேட்டரிக்கு ஒரு சின்னப் பெட்டி, வலது கோடியில் பெல்ட்டுக்கு ஒரு வளையம். வரைவதில் அவர் சுத்தம். பேட்டரிக்குப் பக்கத்து வட்டத்தில் 1 என்று எழுதினார். பிறகு 2, 3, 4. மூன்றின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'காயில் புதுசு, பிளக் புதுசு, இன்னும் மிஸ்ஸிங்' என்று எழுதினார். கடைசியில் அடங்காமல், 'மெஷினைக் குப்பையில் போடவும்' என்றும் சேர்த்தார்.

"இதைச் சலிக்காமக் குடு," என்றார்.

அவள் சலிக்காமல் கொடுத்தாள். அண்ணன் அட்டையை வாங்கினார். கடைசி வரியை முதலில் படித்து முகம் சுருங்கினார். பிறகு படத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். வாயிலிருந்த ஒயர் கீழே விழுந்தது.

அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். நல்ல சிரிப்பு இல்லை அது. எதிரி வழுக்கி விழுந்ததைப் பார்க்கிறவனின் சிரிப்பு, அடி வயிற்றிலிருந்து வந்தது. அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார், ஸ்டூல் கவிழ்ந்தது. வாசலை ஒரே எட்டில் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றார். எட்டு மாதமாகத் தாண்டாத வாசலைத் தாண்டியதே அவருக்குத் தெரியவில்லை.

"பேட்டரிப் பக்கத்துலருந்து எண்ணியிருக்கான்!" என்று அவளிடம் கத்தினார். "பேட்டரிப் பக்கத்துலருந்து! ஒண்ணு பெல்ட்டுப் பக்கம்டா! பெல்ட்டு! ஊரு ஒலகமே பெல்ட்டுப் பக்கத்துலருந்து எண்ணுது, இவன் தலைகீழா எண்ணி, நல்ல காயிலத் தூக்கி எறிஞ்சிட்டு, என் மெஷினக் குப்பையில போடச் சொல்றான்!"

எஞ்சின்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் அவரும் அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"சொல்லு அவன்கிட்ட. நான் தொழில் கத்துக்கிட்ட பட்டறையில ஓடுன வண்டிக்கெல்லாம் ஒண்ணு கியர் பெட்டிப் பக்கம், அதாவது பேட்டரிப் பக்கம். பதினெட்டு வருஷமா அப்படித்தான் எண்ணறேன். என்னிக்காவது ஒரு வண்டி நின்னுச்சா? பொறி தட்டற வரிசை என்ன? ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அதையே அந்தப் பக்கத்துலருந்து எண்ணு. நாலு, ரெண்டு, ஒண்ணு, மூணு. சுத்தி வந்தா ரெண்டும் ஒரே வட்டம்தான்!"

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். நிஜமாகவே இரண்டும் ஒரே வட்டமாகத்தான் வந்தது. பதினெட்டு வருடம் ஒரு மனிதன் தலைகீழாக எண்ணிக்கொண்டே தப்பில்லாமல் வேலை செய்ய முடிகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தும் இது ஒருவருக்கொருவர் தெரியாமல் போனது. யோசித்தபோது காரணம் புரிந்தது. அந்தப் பதினோரு வருடமும் இருவரும் ஒரே பானட்டின் மேல் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். "இது" என்று ஒருவர் விரலை வைப்பார், "ம்" என்று மற்றவர் கழற்றுவார். விரல் இருந்தவரை எண் தேவைப்படவில்லை. பேச்சை நிறுத்திய பிறகுதான் எண் தேவைப்பட்டது, அதுவும் அவள் வாயில் ஏறி.

"வட்டம் ஒண்ணாயிருக்கலாம். மெஷினு வட்டமா சொல்லுது? நம்பர் சொல்லுது!" என்றார் அண்ணன், இப்போது நேராக எஞ்சின்காரரின் முகத்தைப் பார்த்து. "தள்ளுடா."

"என் ஷெட்டுல என்னயே தள்ளச் சொல்றியா?"

"உன் ஷெட்டா? எங்கப்பன் ஷெட்டு!"

கொத்தனார் இரண்டு பேருக்கும் நடுவில் போகலாமா என்று யோசித்துவிட்டு, செங்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். அது புத்திசாலித்தனம். ஸ்பேனர் எஞ்சின்காரரின் கையில் இருந்தது, ஸ்க்ரூ டிரைவர் அண்ணனின் பையில் இருந்தது.

அவள் அந்த இருவரையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு போய் பானட்டைத் தூக்கினாள். பெல்ட்டுப் பக்கத்திலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கணவர் தொடாத காயில் அது. பிளாஸ்டிக் கொக்கியை அழுத்தி ஒயரைப் பிடுங்கினாள், போல்ட்டைக் கழற்றினாள், காயிலை மெதுவாகத் திருகி மேலே இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை திருகியதும் சளக்கென்று வந்தது, கூடவே எண்ணெய் வாடை வந்தது. காயிலின் ரப்பர்க் குழாய் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. ஓரத்தில் முடியளவு ஒரு வெடிப்பு, அதன் நீளத்துக்கும் கருகிய ஒரு கோடு. பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோடு வழியாகவே வெளியே ஓடியிருக்கிறது. சமதரையில் எப்படியோ சமாளித்திருக்கிறது, மேட்டில் எஞ்சினுக்குப் பாரம் ஏறியதும் வழி தவறியிருக்கிறது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பிளக்குக் குழியின் அடியில் எண்ணெய் தேங்கி மினுங்கியது.

"மேல் மூடி பேக்கிங் மாத்துனது யாரு?" என்றார் அண்ணன், இனிப்பாக.

 எண்ணெய் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கிற அந்த ரப்பர் பேக்கிங்கை மாற்றியது எஞ்சின்காரர்தான், மூன்று மாதத்துக்கு முன்னால். அது அங்கே சரியாக உட்காரவில்லை.

"இந்தக் காயிலப் போட்டது யாரு?" என்றார் அவர். "போன வருஷம் நீதான போட்டே? ரப்பர் ஒரு வருஷம் தாங்கல. நல்லதாப் பாத்து வாங்க வக்கில்ல."

"எண்ணெயில ஊறப் போட்டா எந்த ரப்பர்டா தாங்கும்?"

"பொறி ஒழுங்கா நின்னா எண்ணெய் என்ன பண்ணும்?"

அப்படியே அரை மணி நேரம் போயிற்று. திட்டிக்கொண்டே எஞ்சின்காரர் மூடியைக் கழற்றினார், திட்டிக்கொண்டே அண்ணன் குழியைத் துணியால் ஒற்றித் துடைத்தார். பேக்கிங்கை எஞ்சின்காரர் புதிதாக உட்கார வைத்தபோது, அண்ணன் "அந்த மூலை" என்று விரலை வைத்தார். "ம்" என்று எஞ்சின்காரர் அந்த மூலையை அழுத்தினார். தூக்கி எறிந்திருந்த நல்ல காயிலைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து தேடி எடுத்துத் துடைத்து, நிஜமான மூன்றாவதில் மாட்டினார்கள். பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கருகிய கோடு இருந்ததால் அதையும் மாற்றினார்கள். அண்ணி வாசலில் டீ டம்ளர்களை வைத்துவிட்டு, உள்ளே நடப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். எஞ்சின்காரர் முன்னால் ஏறினார், அண்ணன் பின்னால் ஏறினார். தூறல் கனத்திருந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. வழக்கமாக உதறுகிற வளைவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் அழுத்தினாள். உதறவில்லை. கார் ஒரே சீராக மேட்டை இழுத்துக்கொண்டு ஏறியது. பள்ளிக்கூட வாசல்வரை ஏறித் திருப்பியபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷெட்டின் வாசல் பிழைத்தது என்று நினைத்தாள். இனிமேல் மத்தியானம் அண்ணியோடு சாப்பிடலாம்.

கார் மேட்டை இறங்கத் தொடங்கியது. பிறகு எஞ்சின்காரர் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"இவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"என்ன?" என்றார் அண்ணன்.

"எந்தப் பக்கத்துலருந்து மூணுன்னு. உன்னக் கேட்டிருக்கலாம், இல்ல என்னக் கேட்டிருக்கலாம். பத்து நாளா சும்மா மூணு மூணுன்னு கிளிப்பிள்ள மாதிரி."

பின்னால் அண்ணன் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதச் சொல்லு மாப்ள. நானும் அதான் நெனச்சேன். நடுவுல நிக்கறவளுக்குக் கொஞ்சம் சூதானம் வேணாமா? இவளாலதான் இவ்வளவும்."

"எப்பவுமே அப்படித்தான் மச்சான். வேண்டாததுக்கெல்லாம் வாயி, கேக்க வேண்டியதக் கேக்க மாட்டா."

இருவரும் சிரித்தார்கள். மாப்ள, மச்சான். அந்த இரண்டு சொல்லையும் மறுபடி கேட்க மாட்டோமா என்று அவள் எட்டு மாதமாக ஏங்கியிருக்கிறாள். இப்போது வந்தது, அவள் தலையில் கால் வைத்து ஏறி வந்தது. பத்து நாள் பயமும், லாரிக்காரனின் திட்டும், பொய்க்காரிப் பட்டமும் அவள் கணக்கில் மட்டும் நின்றன. அவளுக்கு இரண்டு பேர் மேலும் ஒரே அளவு வெறுப்பு வந்தது. கண்ணீர் அப்போதே காய்ந்துவிட்டது. காரை நேராக ஷெட்டுக்கு விட்டாள்.

கொத்தனார் கலவையைக் குழைத்து முடித்து, மழை படாமல் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். எஞ்சின்காரர் இறங்கியதும் பெரிய மனதோடு கையை ஆட்டினார்.

"வேணாம் கொத்தனாரே. செங்கல்ல எடுத்துக்கிட்டுப் போங்க. எல்லாம் சரியாயிடுச்சு. வாசல் இருக்கட்டும்."

"ஆமாமா," என்றார் அண்ணன், வாசலைத் தாண்டித் தன் பக்கம் போய்க்கொண்டே. "குடும்பம்னா நாலு வார்த்தை வரத்தான் செய்யும். ஏம்மா, மாப்ளகிட்ட சொல்லு, மத்தியானம் அந்த டெம்போ..."

"கட்டுங்க," என்றாள் அவள்.

கொத்தனார் நிமிர்ந்தார்.

"கட்டுங்கன்னு சொல்றேன். இந்தப் பாதி எங்கப்பா எம்பேர்ல எழுதினது. செவுரும் அதுல சேத்திதான்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் எஞ்சின்காரர். "அதான் சரியாயிடுச்சே!"

"வண்டி சரியாயிடுச்சு." அவள் தன் தோளில் கையை வைத்துக் கொத்தனாருக்கு அளவு காட்டினாள். "இதுவரைக்கும் வைங்க. அதுக்கு மேல வேணாம். ரெண்டு பேரு மூஞ்சியும் ரெண்டு பேருக்கும் தெரியட்டும். எருமைன்னு சொல்லணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிக்கட்டும், விரல நீட்டிக் காட்டணும்னா நீட்டிக்கட்டும். நடுவுல என் காலு மட்டும் போக வேணாம்."

"அப்ப உங்கண்ணியப் பாக்க?"

"ரோட்டு வழியா போவேன். என் வண்டியில போவேன், மூணு தெருவும் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போவேன். ஊரு என்ன வேணா நெனச்சுக்கட்டும்."

 வாசலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் கவிழ்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தினார். அவருக்குப் பின்னால் அண்ணி கையில் சோற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். அண்ணி மட்டும் சரி என்று தலையை ஆட்டினாள்.

கொத்தனார் சாக்கை விலக்கி, கரண்டியால் கலவையை அள்ளினார். வாசலுக்குப் போய்க் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.

"முதல் கல்ல எந்தப் பக்கத்துலருந்து வைக்கட்டும்?"

"இந்தப் பக்கத்துலருந்து," என்று எஞ்சின்காரரும் அண்ணனும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள்.

கொத்தனார் கரண்டியோடு அவளைப் பார்த்தார். அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

"அவங்ககிட்டயே கேட்டுக்குங்க," என்றாள். "நான் சொன்னா மாத்திச் சொல்லிட்டேம்பாங்க."